கெட்ட செய்தி மேலே வரட்டும்

மாதாந்திர ஆய்வுக்கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாலே, அந்தச் சுகாதார மாவட்டத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். திரையில் வட்டார வாரியாகப் பட்டியல் ஓடுகிறது. கடைசி மூன்று இடங்களில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் வரிகள் சிவப்பு நிறத்தில் இருக்கின்றன. மருத்துவ அலுவலர் எழுந்து நிற்கிறார். பின்வரிசையில் பகுதி சுகாதார செவிலியரும் கிராம சுகாதார செவிலியரும் எழுந்து நிற்கிறார்கள். "ஏன் குறைஞ்சது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கும் முன்பே அடுத்த கேள்வி வந்து விழுகிறது. "அடுத்த மாசம் சரி பண்ணிடறோம் சார்" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிகிறது. அடுத்த மாதம் அந்த வரி பச்சையாகிவிடும். களத்தில் என்ன மாறியது என்று யாரும் கேட்பதில்லை.

இதே துறையில் வேறு விதமான கூட்டங்களும் நடக்கின்றன. அங்கே மாவட்ட சுகாதார அலுவலர் உட்கார்ந்தபடியே பேசச் சொல்கிறார். "சிஸ்டர், உங்களுக்கு முதல்ல தகவல் எப்ப வந்தது? வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார். ரத்தம் கிடைக்காமல் போனது, மயக்க மருந்து நிபுணர் பணியிடம் காலியாகக் கிடப்பது, மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபடுவது என்று செவிலியர் சொல்லச் சொல்ல, தன்னால் தீர்க்க முடிந்தவற்றைத் தன் குறிப்பேட்டிலேயே எழுதிக்கொள்கிறார். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது.

இரண்டு அறைகளிலும் இருப்பவர்கள் ஒரே பயிற்சி பெற்றவர்கள். சம்பளமும் விதிகளும் படிவங்களும் ஒன்றுதான். ஆனால் முதல் அறையில் பிரச்சினைகள் மறைகின்றன, இரண்டாவது அறையில் தீர்கின்றன. அரசு ஊழியரின் செயல்திறன் பற்றிப் பேசும்போது ஊதியம், பதவி உயர்வு, காலிப்பணியிடம் ஆகியவையே முதலில் வருகின்றன. அவை முக்கியமானவை, சந்தேகமில்லை. எனினும் கெட்ட செய்தியைக் கொண்டுவரும் ஊழியரை மேலதிகாரி எப்படி நடத்துகிறார் என்பது அவற்றுக்குச் சற்றும் குறையாத விஷயம். பொது சுகாதாரத் துறையில் பணிபுரிவோருக்கு இதைக் காட்ட வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. மகப்பேறு மரணத் தணிக்கை இருக்கிறது.

இந்திய மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி 2001-03 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 காலத்தில் அது 54 ஆனது. அதே இடைவெளியில் நாட்டின் சராசரி 301-இலிருந்து 97-க்கு இறங்கியது. இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று பணியாளர் செவிலியர்களை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தது, சீமாங்க் எனப்படும் விரிவான அவசர மகப்பேறு சிகிச்சை மையங்களைத் திறந்தது, 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது, மருந்து தட்டுப்பாடில்லாமல் கிடைக்க மருத்துவ சேவைக் கழகம் 1990-களிலேயே உருவாகியிருந்தது. பெண் கல்வியும் திருமண வயதும் உயர்ந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எந்த இடத்தில் எந்த ஓட்டை இருக்கிறது என்று இந்தத் திட்டங்களுக்கெல்லாம் வழி காட்டியது ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து ஆராயும் பழக்கம்தான். 1990-களின் நடுவில் தொடங்கிய அந்தப் பழக்கம் 2004-இல் அரசாணையால் கட்டாயமாக்கப்பட்டது. நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல்கள் வந்தது அதற்குப் பிறகு, 2010-இல்.

தணிக்கை தொடங்கிய முதல் ஆண்டுகளில் பதிவான மரணங்களின் எண்ணிக்கை கூடியது. தாய்மார்கள் அதிகமாக இறக்கவில்லை. அதுவரை யார் கணக்கிலும் வராத மரணங்கள் கணக்கில் வந்தன. தலைமைக்கு உண்மையான சோதனை அந்தக் கட்டத்தில்தான் வந்தது. எண்ணிக்கை உயர்ந்ததைப் பார்த்துக் களப்பணியாளர்களைத் தண்டித்திருந்தால், மறு ஆண்டே மரணங்கள் மீண்டும் மறைந்திருக்கும். அறிக்கையில் சாதனையும் காட்டியிருக்கலாம். பொது சுகாதார இயக்குநரகத்தின் தலைமை அந்த வழியில் போகாததற்கு அதன் அமைப்பும் ஒரு காரணம். 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தையும் தனிப் பணிப்பிரிவையும் கொண்ட துறை இது. இயக்குநராக அமர்பவர் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து படிப்படியாக வந்தவர். துணை சுகாதார நிலையத்தின் கூரை ஒழுகுவதும், ஐந்தாயிரம் பேருக்கு ஒரே செவிலியர் என்றால் அதன் பொருள் என்ன என்பதும் அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தணிக்கை நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அதன் பலம் புரியும். மரணம் நிகழ்ந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். பிறகு ஒரு குழு இறந்தவரின் வீட்டுக்குப் போகிறது. துறையில் வெர்பல் அட்டாப்சி என்று வழங்கும் இந்த விசாரணையில் கணவர், மாமியார், அம்மா என்று கூட இருந்தவர்களிடம் மணிக்கணக்கோடு கேட்கிறார்கள். வலி எத்தனை மணிக்கு எடுத்தது? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யார் சொன்னார்கள்? வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள்? அங்கிருந்து அனுப்பும்போது கூட யார் வந்தார்கள், ரத்தம் ஏற்றிக்கொண்டு அனுப்பினார்களா? இப்படி ஒரு பெண்ணின் கடைசி மணி நேரங்கள் தாளில் வரிசையாக விரிகின்றன. மருத்துவமனைத் தரப்பில் தனி ஆய்வு நடக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு இறந்தவரின் குடும்பத்தினரும் அழைக்கப்படுகிறார்கள்.

அந்தத் தாளைப் பத்து, இருபது என்று அடுக்கிப் பார்க்கும்போது ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும். பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காமல், ரத்த சேமிப்பு வசதி இல்லாத இரண்டு மருத்துவமனைகளைத் தாண்டி மூன்றாவதற்குப் போகும் வழியில் உயிர் பிரிந்திருக்கும். இது தெரிந்த பிறகு தீர்வு பேச்சளவில் நிற்காது. ரத்த சேமிப்பு அலகு எங்கே வேண்டும், எந்த மருத்துவமனையில் இரவிலும் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும், வழியில் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆன்டி ஷாக் கார்மெண்ட் எந்த வண்டியில் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கலாம். இவ்வளவுக்கும் ஆதாரம், 'வண்டி வரவில்லை, ரத்தம் இல்லை, நான் போனபோது தாமதமாகிவிட்டது' என்று ஒரு செவிலியர் பயமில்லாமல் சொன்ன மூன்று உண்மைகள். மூன்றாவது உண்மை அவருக்கே எதிரானது. அதைச் சொல்லும் தைரியத்தை அவருக்குத் தந்தது தணிக்கையின் அடிப்படை விதி: பெயர் வேண்டாம், பழி வேண்டாம். இங்கிலாந்தும் வேல்ஸும் 1952 முதல் மகப்பேறு மரணங்களை இரகசியம் காத்து ஆராய்ந்து வருவதும், கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் மருத்துவமனை, மருத்துவர் பெயர்களை நீக்கி ஆய்வு செய்வதும் இதே விதியின் மேல்தான்.

பயம் இல்லாத இடத்தில் தவறுகள் கூடுமே என்ற ஐயம் இயல்பானது. 1990-களில் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த முடிவு தலைகீழ். நல்ல பிரிவுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. காரணத்தைத் தேடியபோது விடை தலைமைச் செவிலியரின் நடத்தையில் இருந்தது. ஒரு பிரிவில் தலைமைச் செவிலியர் மற்றவர்களைப் போலவே பணி உடையில் நோயாளிகளிடையே நின்றார். தவறு நேரும், அதை உடனே சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கமாக இருந்தது. இன்னொரு பிரிவில் தலைமைச் செவிலியர் அலுவலக உடையில் இருந்தார். தவறு செய்தவர் சின்னக் குழந்தையைப் போலக் கண்டிக்கப்பட்டார். முதல் பிரிவில் தவறுகள் பேசப்பட்டன, திருத்தப்பட்டன. இரண்டாவது பிரிவில் பேசப்படவே இல்லை. கையில் இருக்கும் எண்ணிக்கையை மட்டும் நம்பும் அதிகாரி இரண்டாவது பிரிவுக்குத்தான் விருது கொடுத்திருப்பார்.

அப்படி எண்ணை மட்டும் நம்பியதன் விலையை இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை கொடுத்தது. 2005-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே நோயாளிகள் அனுபவித்த கொடுமைகளை ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை விவரிக்கிறது. 290 பரிந்துரைகள் கொண்ட அறிக்கை அது. தன்னாட்சி அந்தஸ்து பெறும் முனைப்பில் இருந்த நிர்வாகம் ஒரே நிதியாண்டில் ஒரு கோடி பவுண்டு சேமிக்க முயன்றது. செவிலியர் பணியிடங்கள் குறைந்தன. அவசர சிகிச்சைக்கு வருபவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற தேசிய இலக்கு மட்டும் அப்படியே நின்றது. இலக்கைத் தவறவிட்டால் வேலைக்கே ஆபத்து என்ற அச்சத்தில் நேரப் பதிவுகள் மாற்றி எழுதப்பட்டதாக அங்கு பணியாற்றிய செவிலியர் விசாரணையில் சாட்சியம் அளித்தார். குறையை எடுத்துச் சொன்னவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். அங்கிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் கல்நெஞ்சக்காரர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். வாய் திறப்பதால் பயனில்லை, ஆபத்துதான் என்று அந்த நிறுவனம் அவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருந்தது. இங்கிலாந்தில் நோயாளிக்கு நேர்ந்த தீங்கை மறைக்காமல் அவரிடமே சொல்வதை மருத்துவ அமைப்புகளின் சட்டக் கடமையாக 2014-இல் ஆக்கியதற்கு இந்த விசாரணையே வழிவகுத்தது.

அதே 2014-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் இதே கதை வெளிவந்தது. பதினான்கு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வைக்க வேண்டும் என்பது இலக்கு. நிர்வாகிகளின் மதிப்பீடும் ஊக்கத்தொகையும் அதோடு கட்டப்பட்டிருந்தன. தணிக்கையாளர்கள் மாதிரிக்கு எடுத்த 226 பேர் சராசரியாக 24 நாள் காத்திருந்ததாக மருத்துவமனைக் கணக்கு சொன்னது. உண்மையில் அவர்கள் காத்திருந்தது சராசரியாக 115 நாள். சுமார் 1,700 பேர் அதிகாரபூர்வக் காத்திருப்புப் பட்டியலிலேயே இல்லை. முன்னாள் படைவீரர் துறையின் செயலர் எரிக் ஷின்செகி அந்த ஆண்டு மே 30 அன்று பதவி விலகினார்.

இவை பணக்கார நாடுகளின் கதைகள் என்று ஒதுக்குவதற்கில்லை. நைஜீரிய மத்திய அரசின் 63 நிறுவனங்கள் மேற்கொண்ட சுமார் 4,700 பணிகளை இம்ரான் ரசூல், டேனியல் ரோஜர் ஆகிய ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, நிர்வாகம் படிக்கும் எவரையும் யோசிக்க வைக்கும். ஊழியர்கள் தம் அறிவைக் கொண்டு முடிவெடுக்க இடமளித்த நிறுவனங்களில் பணிகள் முடியும் விகிதம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் இறுக்கமாக இருந்த இடங்களில் அது குறைந்திருந்தது. கிணறு வெட்டுவதிலும் பள்ளிக் கட்டடம் கட்டுவதிலும் முன்கூட்டியே எழுதிவைக்க முடியாத சிக்கல்கள் வந்துகொண்டே இருக்கும். இடத்தில் நிற்பவர் அதைத் தீர்க்க அனுமதி இல்லையென்றால் பணி அப்படியே நிற்கும். பிரசவ அறை அதைவிடப் பன்மடங்கு நிச்சயமற்ற இடம்.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா என்ற கேள்விக்கு இதே துறையில் விடை உண்டு. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் அரசு செவிலியர்கள் பணிக்கு வருகிறார்களா என்பதை நேரம் பதியும் இயந்திரம் வைத்துக் கண்காணித்த திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர் மூவரும் ஆராய்ந்தார்கள். முதல் சில மாதங்களில் வருகை நன்றாகக் கூடியது. ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் கண்காணிக்கப்பட்டவருக்கும் மற்றவருக்கும் வேறுபாடே இல்லாமல் போயிற்று. வராத நாட்களை 'விலக்கு நாள்' என்று எழுதிக் கொடுத்தது உள்ளூர்ச் சுகாதார நிர்வாகமே. இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. அது சொன்ன உண்மையை ஏற்கத் தலைமை தயாராக இல்லை. ஊழியரை அச்சுறுத்தும் அதிகாரியும் ஊழியரின் அலட்சியத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் அதிகாரியும் கடைசியில் ஒரே தீங்கைத்தான் செய்கிறார்கள்: இருவரின் அலுவலகத்திலும் உண்மை பதிவாவதில்லை.

தவறையும் அலட்சியத்தையும் பிரித்துப் பார்க்க, மனிதத் தவறுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் எடுத்துக்காட்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதே பயிற்சி பெற்ற இன்னொருவரை அதே இரவில், அதே வசதிகளோடு, அதே இடத்தில் நிறுத்தினால் அவரும் இப்படியே செய்திருப்பாரா? ஆம் என்றால் குறை அமைப்பில் இருக்கிறது. தனி ஆளைத் தண்டித்துப் பயனில்லை. அவருக்கு அடுத்து வருபவரும் அதே குழியில்தான் விழுவார். இல்லை என்றால், குடித்துவிட்டுப் பணிக்கு வந்தது, அழைத்தும் வராதது, பணம் கேட்டது போன்றவை என்றால், ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-யின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்தலாம். பிரசவத் தாய்க்குச் செய்யும் நியாயம் அது. மரணத் தணிக்கைக் கோப்பிலிருந்து அந்தக் குறிப்பாணையை எழுதுவதுதான் கூடாது. ஒருமுறை அப்படி எழுதினால் அந்த வட்டாரத்தில் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு எந்தச் செவிலியரும் தணிக்கைக் குழுவிடம் முழு உண்மையைச் சொல்ல மாட்டார்.

இன்று இந்த எச்சரிக்கை மிக அவசியமாகியிருக்கிறது. மகப்பேறு மரண விகிதம் இவ்வளவு குறைந்த பிறகு, மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு மரணமும் சிக்கலானது: இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், தொற்று, பல மருத்துவமனைகள் மாறிய பயணம். தடுப்பதற்குக் கூடுதல் நுட்பம் தேவைப்படும் நேரத்தில், ஒரு மரணம் நேர்ந்தாலே யாரைப் பிடிப்பது என்று கேட்கும் பழக்கம் சில இடங்களில் திரும்பிக்கொண்டிருப்பதைக் களத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். அதன் விளைவும் அவர்களுக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பாதுகாப்பாகப் பார்க்கக்கூடிய பிரசவம்கூட 'எதுக்கு வம்பு' என்று மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிரசவ வார்டு நிரம்பி வழிகிறது. உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் பெண் அந்தக் கூட்டத்தில் காத்திருக்கிறாள். பயந்து எழுதப்பட்ட பரிந்துரைச் சீட்டு எந்தப் பட்டியலிலும் சிவப்பாகத் தெரியாது.

மாற்றத்துக்குப் புதிய திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. மாவட்ட, வட்டார அளவில் தலைமை வகிப்போர் தங்கள் கூட்டங்களை நடத்தும் முறையில் நான்கு மாற்றங்களைச் செய்யலாம் என்று இவ்விதழ் கருதுகிறது.

முதலாவது, பேசும் வரிசை. கிராம சுகாதார செவிலியர் முதலில் பேசட்டும், அதிகாரி கடைசியில் பேசட்டும். மேலிருப்பவர் முதலில் கருத்துச் சொன்னால் கீழிருப்பவர் அதையே திருப்பிச் சொல்வார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்களிலிருந்து வர வேண்டிய தகவல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, சென்ற கூட்டத்தில் எழுந்த குறைகளில் அதிகாரி தீர்த்தவை எவை, தீர்க்காதவை எவை என்ற பட்டியலே நிகழ்ச்சி நிரலின் முதல் பொருளாக இருக்கட்டும். மத்திய அரசின் 2017 வழிகாட்டுதல்கள் தணிக்கையின் பெயரிலேயே கண்காணிப்போடு நடவடிக்கையையும் சேர்த்திருக்கின்றன. நடவடிக்கை கண்ணில் படாத இடத்தில் புகார் சொல்வது நாளடைவில் நின்றுவிடும்.

மூன்றாவது, பிழைத்த தாய்மார்களையும் ஆராய்வது. மரணத்தின் விளிம்புவரை போய் மீண்டவர்களைப் பற்றிய ஆய்வுக்கு 2014-லேயே தேசிய வழிகாட்டுதல்கள் வந்துவிட்டன. இங்கே யாரும் இறக்கவில்லை என்பதால் பயம் குறைவு. எது சரியாக நடந்தது என்றும் பேசலாம்: இரவு இரண்டு மணிக்குச் செவிலியர் வலிப்பு வரும் அறிகுறியைக் கண்டுபிடித்தது, ஓட்டுநர் அடுத்த மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி ஆயத்தமாக இருக்கச் செய்தது. பாராட்டு கூட்டக் குறிப்பில் பெயரோடு பதிவாகட்டும். தவறு பெயரில்லாமல் பதிவாகட்டும்.

நான்காவது, தலைமை வகிப்போரின் சொந்த மதிப்பீடு. ஒரு மாவட்ட சுகாதார அலுவலரின் ஆண்டுப் பணியை எடைபோடும்போது, அவர் மாவட்டத்தில் எத்தனை வரிகள் பச்சையாக இருந்தன என்பதோடு, கீழிருந்து எத்தனை குறைகள் எழுத்தில் வந்தன, அவற்றில் எத்தனை தீர்க்கப்பட்டன என்றும் இயக்குநரகம் கேட்க வேண்டும். ஓராண்டு முழுக்க ஒரு குறைகூட மேலே வராத மாவட்டம் இருந்தால், முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டியது அந்த மாவட்டத்தைத்தான். முதல் மூன்று மாற்றங்களுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அடுத்த மாத ஆய்வுக்கூட்டத்திலேயே வட்டார மருத்துவ அலுவலரும் மாவட்ட சுகாதார அலுவலரும் அவற்றைத் தொடங்கலாம். நான்காவதை இயக்குநரகம் இந்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலேயே சேர்க்க வேண்டும்.